நீண்ட நாள் நின்ற பைக் முக்கி முக்கி ஓடுகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

மாதக்கணக்கில் மூடிப்போட்டு நின்ற பைக்கை வெளியே தள்ளி, கால் கடுக்கக் கிக்கர் உதைத்து, ஒருவழியாக ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் ஓடுகிற ஓட்டம் சரியில்லை. சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது. முறுக்கினால் ஒரு முக்கு முக்கிவிட்டு அப்புறம்தான் ஏறுகிறது. விட்டால் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது. இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் காரியம், கார்புரேட்டர் பக்கவாட்டில் கண்ணில் படும் ஸ்க்ரூவைத் திருகிப் பார்ப்பது. நானும் ஒரு நாள் முழுக்க அப்படித் திருகிக்கொண்டிருந்தவன்தான்.

அந்த ஸ்க்ரூ தானாகத் திரும்பாது. நிறுத்திய அன்று வண்டி ஒழுங்காக ஓடியிருந்தால், ஸ்க்ரூ இன்றும் சரியான இடத்தில்தான் இருக்கிறது. நின்ற காலத்தில் மாறக்கூடியவை சிலதான்: பெட்ரோல் கெடும், ரப்பர் காயும், இரும்பு துருப்பிடிக்கும், பேட்டரி இறங்கும், எலியோ பூச்சியோ குடிவரும். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் இந்த ஐந்தில் எது காரணமாக இருக்கும் என்று முதலில் கேளுங்கள். ட்யூனிங் கடைசி.

மறுபடி ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்

முதலில் இன்ஜின் ஆயில். அளவு முன்பு இருந்ததைவிட ஏறியிருந்தாலோ, டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைக்க வேண்டிய ப்ளோட் நீடில் சரியாக மூடாமல், டேங்க் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங் வழியாக ஆயிலோடு கலந்திருக்கிறது. பெட்ரோல் கலந்த ஆயிலுக்கு வழுவழுப்பு கிடையாது, அதோடு இன்ஜினை ஓட்டினால் பேரிங் போகும். கிக்கர் பாதியில் கல் மாதிரி நின்றுவிட்டால் இன்னும் மோசம், பிஸ்டனுக்கு மேலே பெட்ரோல் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். ஏறி மிதிக்காதீர்கள், செல்ஃபும் அடிக்காதீர்கள். ப்ளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றினால் அது வெளியே வந்துவிடும். கழற்றிய ப்ளக்கைக் கேப்பில் மாட்டி இன்ஜின் மேல் விட்டுவிட்டு இதைச் செய்ய வேண்டாம். வெளியே பீய்ச்சுவது பெட்ரோல், பக்கத்திலேயே தீப்பொறி வேண்டுமா?

அப்புறம் டேங்க். மூடியைத் திறந்து முகருங்கள். நல்ல பெட்ரோல் மூக்கில் சுருக்கென்று ஏறும். கெட்டது வார்னிஷ் மாதிரி, பழைய பெயின்ட் டப்பா மாதிரி வாடை அடிக்கும், நிறமும் பழுப்பாகியிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னொரு தொல்லை, எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஓரளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். பெட்ரோல் டேப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஆடாமல் வைத்தால் இரண்டு அடுக்காகத் தெரியும். பழையதோடு புதுசை ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காமல் முழுவதையும் இறக்கிவிடுங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் தொட்டாலே பொடிப்பொடியாக உதிரலாம், அந்தப் பொடி போகும் இடம் கார்புரேட்டர். ப்ளக்கைப் புதிதாகவே போட்டுவிடுங்கள், ஒரு சந்தேகம் குறையும். இடைவெளி உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும், சின்ன பைக்குகளில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மி.மீ. வரை. 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டு அப்புறம் வாருங்கள். பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் சிடிஐ (ஸ்பார்க்கை உண்டாக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) உள்ள வண்டியில், பேட்டரி இறங்கியிருந்தால் ஸ்பார்க் மெலிந்துவிடும், அதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து நாள் கணக்கில் அலைய நேரும்.

இன்னொன்று, இந்த வேலையெல்லாம் திறந்த வெளியில். மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிட்டால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

கோளாறு எந்த முறுக்கில் வருகிறது?

ஆக்ஸிலேட்டர் கைப்பிடியில் ஒரு துண்டு டேப்பும், அதை ஒட்டி நகராத பக்கத்தில் ஒரு துண்டும் ஒட்டுங்கள். முழுக்க மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போடுங்கள். இது விளையாட்டு வேலை மாதிரி தெரியும், ஆனால் நான் கைக்கொள்ளும் முறைகளில் இதற்கு நிகர் எதுவும் இல்லை. ஏனென்றால் கார்புரேட்டருக்குள் வேலை செய்வது ஒரே வழி அல்ல. ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு, ஒவ்வொரு முறுக்குக்கும் ஒவ்வொன்று. மூடியதிலிருந்து சுமார் கால் முறுக்கு வரை பைலட் ஜெட், அதாவது ஸ்லோ ஜெட். காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் (முறுக்க முறுக்க மேலேறிக் காற்று வழியைத் திறக்கும் துண்டு) தொங்கும் நீடிலும் அது இறங்கும் நீடில் ஜெட்டும். அதற்கு மேலே மெயின் ஜெட். ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று கொஞ்சம் நுழையும், ஆனாலும் வண்டி எந்தக் கோட்டில் திணறுகிறது என்று தெரிந்தால் எதைக் கழற்ற வேண்டும் என்பது பாதி தெரிந்த மாதிரி.

கவனிக்க வேண்டியது முறுக்கின் அளவை, வேகத்தை அல்ல. ஸ்டாண்டில் போட்டு ரேஸ் பண்ணிப் பார்ப்பதும் போதாது. பாரமில்லாத இன்ஜின் கால் முறுக்கிலேயே அலறிவிடும், மெயின் ஜெட் பக்கமே போகாது. பிரேக், டயர், கேபிள் எல்லாம் பார்த்துவிட்டு, ஆளில்லாத சாலையில் ஓட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சோக் போட்டால்தான் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது

நின்ற வண்டிகளில் அதிகமாகப் பார்ப்பது இதைத்தான், அதனால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

சோக் என்பது கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுவது. சூடான இன்ஜினும் சோக் இல்லாமல் நிற்கமாட்டேன் என்கிறது என்றால், வழக்கமாக வர வேண்டிய பெட்ரோல் வரவில்லை, சோக் வழியாக வருவதை வைத்து உயிரோடு இருக்கிறது. அடைபட்டது பைலட் ஜெட். ஏன் அதுவே முதலில் அடைகிறது? ப்ளோட் கிண்ணத்தில் இருப்பது கொஞ்சம் பெட்ரோல், கிண்ணத்துக்குக் காற்றுத் துளையும் உண்டு. லேசான பகுதியெல்லாம் ஆவியாகிப் போக, மிச்சமிருப்பது பிசின் மாதிரிக் கெட்டியாகிறது. பைலட் ஜெட்டின் துளை அரை மி.மீ. கூட இருக்காது, பல சின்ன வண்டிகளில் விட்டம் 0.4 மி.மீ. அளவில்தான். மெயின் ஜெட் துளை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிது. எனவே அது தப்பிக்கிறது, இது மாட்டிக்கொள்கிறது.

பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் திரவம் லேசான பிசினைக் கரைக்கும். முழுக்க அடைபட்ட ஜெட்டுக்கு அது உதவாது, அந்தத் துளை வழியாகப் பெட்ரோலே ஓடாதபோது மருந்து எப்படிப் போய்ச் சேரும்? கழற்றித்தான் ஆக வேண்டும்.

டேப்பை மூடிக் கிண்ணத்தின் ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலை வடித்துவிட்டுக் கார்புரேட்டரை இறக்குங்கள். ஜப்பானியக் கார்புரேட்டர்களில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூக்கள் சாதாரண ஸ்டார் டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது, ஜிஸ் (JIS, ஜப்பானியத் தரம்) வகை டிரைவர் வேண்டும். இல்லையென்றால் தலை மழுங்கி, கிண்ணம் திறக்கவே ஒரு நாள் ஆகிவிடும். மிக்ஸர் ஸ்க்ரூவை, அதாவது தொடக்கத்தில் சொன்ன அந்தப் பக்கவாட்டு ஸ்க்ரூவை, கழற்றுவதற்கு முன், மெதுவாக உள்ளே திருகி அது முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டேகால் என்றால் இரண்டேகால், ஞாபகத்தில் வைப்பேன் என்று சொல்ல வேண்டாம். முட்டிய பிறகு அழுத்தித் திருகினால் அதன் கூர்முனையும் போகும், அது உட்காரும் இடமும் போகும்.

பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். வட்டமாக ஒரு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான ஜெட்டுகளின் பக்கவாட்டில் காற்றுக் கலக்கும் பொடித் துளைகள் இருக்கும், அவையும் திறந்திருக்க வேண்டும். அடைப்பை எடுக்க ஊசி, இரும்புக் கம்பி, குண்டூசி எதுவும் கூடாது, ஜெட் பித்தளை, துளை மயிரிழை அளவு அகன்றாலும் கலவை மாறிவிடும். மெல்லிய நைலான் தூண்டில் நூல், அல்லது மின்சார ஒயருக்குள் இருக்கும் ஒற்றைச் செம்பு இழை போதும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயில் கொஞ்ச நேரம் ஊற விட்டுவிட்டுக் காற்றடியுங்கள்.

பலரும் விடும் பகுதி இனிமேல்தான். ஜெட் சுத்தமானாலும், அது உட்காரும் துளைக்கு அப்பால் கார்புரேட்டர் உடலுக்குள்ளேயே நுண்வழிகள் ஓடுகின்றன. ஜெட் துளையில் ஸ்ப்ரே குழாயை வைத்து அடித்தால், இன்ஜின் பக்கத்து வாயில் ஸ்லைடுக்குக் கீழே தெரியும் பொடித் துளைகளிலும், ஃபில்டர் பக்கத்துக் காற்றுத் துளையிலும், மிக்ஸர் ஸ்க்ரூவின் துளையிலும் ஸ்ப்ரே பீச்சிக்கொண்டு வர வேண்டும். ஏதாவது ஒன்றில் வரவில்லை என்றால் அந்த வழி அடைப்பு, வரும் வரை விடாதீர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், நாம் எதிர்பார்க்காத துளையிலிருந்து நேராகக் கண்ணுக்குத்தான் வரும். அடிப்பதற்கு முன் ப்ளோட், ரப்பர் டயஃப்ரம், ஓ-ரிங் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், கிளீனர் பட்டால் ரப்பர் உப்பிவிடும்.

மூன்று வருஷம் போல நின்ற என் வண்டியில் இதையெல்லாம் இரண்டு முறை செய்தும் சோக் இல்லாமல் ஓடவில்லை. மூன்றாவது முறை டார்ச் அடித்து மிக்ஸர் ஸ்க்ரூவின் துளைக்குள் பார்த்தபோதுதான் அடியில் கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. ஸ்க்ரூவோடு வெளியே வர வேண்டிய பழைய ஓ-ரிங் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதைத் தேடாமல், தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதிய ஓ-ரிங்கை அதன் மேலேயே இறக்கியிருக்கிறேன். ஸ்க்ரூ, ஸ்ப்ரிங், சின்ன வாஷர், ஓ-ரிங் என்று பெரும்பாலும் நான்கு உருப்படி வெளியே வர வேண்டும். நான்கு வரவில்லை என்றால் ஒரு வளைந்த கம்பியால் மெதுவாகத் தோண்டி எடுங்கள்.

ஐடிலிங் ஏறி இறங்குகிறது, முறுக்கை விட்டாலும் இன்ஜின் வேகம் இறங்கமாட்டேன் என்கிறது

முதலில் கேபிளைப் பாருங்கள். உள்ளே துருப்பிடித்த ஆக்ஸிலேட்டர் கேபிள் ஸ்லைடை முழுக்க இறங்க விடாது, ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பினால் வேகம் மாறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கேபிள் நன்றாக இருந்தால் எங்கோ காற்றுப் பிடிக்கிறது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் மேனிஃபோல்ட் ரப்பர் நின்ற காலத்தில் காய்ந்து வெடித்திருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கழற்றி வளைத்துப் பார்த்தால்தான் விரிசல் வாயைத் திறக்கும். கண்டுபிடிக்கச் சிலர் எரியக்கூடிய ஸ்ப்ரேயை அடிப்பார்கள், சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கும்போது எனக்கு அது பிடிக்காது. இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, பூவாளி மாதிரித் தூவும் பாட்டிலில் வெறும் தண்ணீரை எடுத்து ரப்பர் மூட்டுகளில் அடித்துப் பாருங்கள். அடித்த கணமே இன்ஜின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். வேக்கம் குழாய் மாட்டும் முனையில் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள், அந்தச் சின்ன ரப்பர் மூடி காய்ந்து தானாக விழுந்துவிடும்.

விரிசலை எம்-சீல் மாதிரி எதையாவது பூசிச் சமாளிப்பது வீட்டுக்கு ஓட்டிப் போக மட்டும். ரப்பரை மாற்றுங்கள். இங்கே காற்றுப் பிடித்தபடி மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கை ஒப்பேற்றினால், இன்ஜின் சூடாகச் சூடாக அது மறுபடி ஆட்டம் காட்டும்.

கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம், ப்ளக் கரிபிடித்து நனைகிறது

இது மேலே சொன்னதற்கு நேரெதிர், பெட்ரோல் அதிகம். சோக் முழுக்கத் திரும்பியிருக்கிறதா? லிவர் திரும்பியிருக்கும், கேபிளோ உள்ளே இருக்கும் சோக் பிஸ்டனோ நடுவிலேயே ஒட்டியிருக்கும். லிவரை நம்பாமல் பிஸ்டனைப் பாருங்கள். அடுத்தது ப்ளோட் நீடில். அதன் ரப்பர் முனையில் வளையமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். அது உட்காரும் பித்தளை இருக்கையில் பச்சையாக ஏதாவது படிந்திருந்தால் காதுக் குச்சியால் மெருகேற்றுங்கள், எமரி காகிதம் வேண்டாம். ப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே சலசலத்தால் பெட்ரோல் புகுந்திருக்கிறது, அப்படிப்பட்ட ப்ளோட் மிதக்காது. கார்புரேட்டர் அடியில் தொங்கும் ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டினால் சந்தேகமே வேண்டாம், நீடிலும் ப்ளோட்டும்தான்.

ப்ளக்கின் நிறத்தை ஓட்டிவிட்டு வந்துதான் பார்க்க வேண்டும், சோக்கில் ஐடிலிங் விட்ட ப்ளக் எப்போதும் கறுப்புதான். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசையோடு கறுப்பு என்றால் ஆயில் மேலே ஏறுகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, அதோடு தொடர்ந்து விரட்டினால் பிஸ்டன் தாங்காது.

ஐடிலிங் நன்றாக இருக்கிறது, நடு முறுக்கில் திணறுகிறது

ஸ்லைடும் நீடிலும் இருக்கும் பகுதி. நீடில் ஜெட்டின் பக்கத் துளைகளில் பிசின் இருக்கும், மெயின் ஜெட்டைக் கழற்றிய பிறகு அதையும் இறக்கிச் சுத்தம் செய்யுங்கள்.

சிவி வகைக் கார்புரேட்டர் என்றால் இன்னொரு சந்தேகம் உண்டு. அதில் கேபிள் இழுப்பது ஒரு தகட்டை மட்டும், ஸ்லைடைத் தூக்குவது இன்ஜினின் உறிஞ்சல். அந்த உறிஞ்சலைப் பிடித்து வைப்பது மேலே இருக்கும் மெல்லிய ரப்பர் டயஃப்ரம். அதில் ஊசிமுனை அளவு கிழிசல் இருந்தாலும் ஸ்லைடு பாதியிலேயே நின்றுவிடும், நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் வண்டி பாதி பலத்தோடு ஓடும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து லேசாக விரித்துப் பாருங்கள். திரும்ப மாட்டும்போது அதன் விளிம்பு பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்திருக்க வேண்டும், ஓரிடத்தில் மூடிக்கு அடியில் நசுங்கினால் புதுக் கிழிசலை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். ஸ்லைடை விரலால் தூக்கிவிட்டால் தடையில்லாமல் வழுக்கி இறங்க வேண்டும்.

நன்றாக ஓடி, சில நிமிடத்தில் அணைகிறது

இதில் இரண்டு குற்றவாளிகள், இரண்டையும் ஒரே நேரத்தில் சோதிக்கலாம். அணைந்த உடனே, ஆற விடாமல், டேங்க் மூடியைத் திறங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வழியில்லாமல் டேங்குக்குள் வெற்றிடமாகி, பெட்ரோல் நின்றுவிடுகிறது. தூசியோ துருவோ, சில சமயம் பூச்சி கட்டிய மண்ணோ அடைத்திருக்கும், ஊதினால் போய்விடும்.

மூடி திறந்தும் பயனில்லை என்றால் உடனே ப்ளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, ப்ளக் துளையிலிருந்து தள்ளி இன்ஜின் உலோகத்தோடு ஒட்டிப் பிடித்து ஸ்பார்க் பாருங்கள். சூட்டில் ஸ்பார்க் இல்லை, ஆறினால் வருகிறது என்றால் காயில், பிக்கப் காயில், சிடிஐ இதில் ஒன்று. சூடேறும்போது உள்ளே கம்பி விட்டுப்போகும், ஆறும்போது சேர்ந்துகொள்ளும். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவதற்குள் ஆறிவிடுவதால் அங்கே எப்போதும் நன்றாகவே ஓடும்.

பெட்ரோல் வரத்தைத் தனியாகவும் பார்க்கலாம். குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றிப் பாட்டிலில் விட்டு டேப்பைத் திறங்கள். தொடக்கத்திலிருந்தே மெலிதாக வந்தால் டேப்பின் சல்லடை அடைப்பு. நன்றாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்தால் மூடித் துளை. வேக்கம் டேப் உள்ள வண்டியில் இன்ஜின் சுற்றாமல் பெட்ரோல் வராது, ப்ரைம் நிலை இருந்தால் அதில் வைத்துப் பாருங்கள்.

முழு முறுக்கில் இழுவை இல்லை

மெயின் ஜெட், பெட்ரோல் வரத்து, ஏர் ஃபில்டர், இந்த மூன்றும் முதலில். அப்புறம் சைலன்சர் வாயில் கைவையுங்கள், புகை தாராளமாக வருகிறதா? உள்ளே கூடு இருந்தால் வராது. கடைசியாக, மெயின் ஸ்டாண்டில் போட்டு நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஒரு சாயங்காலம் முழுக்க ஜெட்டுகளோடு போராடிவிட்டு நான் கண்டுபிடித்தது, துருப்பிடித்த டிரம் பிரேக் கேம் திரும்பாமல் பிடித்துக்கொண்டிருந்ததை. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை.

மிஸ்ஸிங், வெடிப்பு

முறுக்கை விடும்போது மட்டும் சைலன்சரில் வெடித்தால் பைலட் பக்கம் பெட்ரோல் குறைவு, அல்லது சைலன்சர் சிலிண்டரோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் போய்க் காற்றுப் பிடிக்கிறது. முறுக்கும்போது கார்புரேட்டர் பக்கம் தும்மினாலும் பெட்ரோல் குறைவுதான் பெரும்பாலும், டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி இல்லாமல் இறுகி, கலவையை உள்ளே விடும் வால்வு முழுக்க மூடாமல் இருந்தாலும் இப்படி வரும்.

எந்த முறுக்கு என்று இல்லாமல், குழியில் இறங்கினால், ஹேண்டில் திருப்பினால், திடீர் திடீரென்று விட்டு விட்டு அடித்தால் அது ஒயரிங். சாவி ஸ்விட்ச், கில் ஸ்விட்ச், எர்த் ஒயர், கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து, சுத்தம் செய்து, திரும்பச் சேருங்கள். ப்ளக் கேப்பையும் திருகிக் கழற்றி ஒயர் முனையைப் பாருங்கள், செம்பு கறுத்திருந்தால் கால் அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்ப முடுக்கினால் போதும். எலி கடித்த ஒயர் சீட்டுக்கு அடியில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

இரட்டை சிலிண்டர் வண்டி ஒரு காலில் நொண்டுவது மாதிரி ஓடினால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் இரண்டு சைலன்சர் பைப்பிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பொரிந்து ஆவியாகாத பக்கம் வேலை செய்யவில்லை. ப்ளக்கை இடம் மாற்றிப் பாருங்கள், நொண்டலும் கூடவே மாறினால் ப்ளக், மாறாவிட்டால் அந்தப் பக்கத்துக் கார்புரேட்டரோ காயிலோ.

பெட்ரோல் உண்டு, ஸ்பார்க் உண்டு, ஆனாலும் தெம்பில்லை

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அமுங்கும் அழுத்தம். கிக்கர் காற்றில் மிதிப்பதுபோல இறங்கினால் சந்தேகப்படுங்கள். கேஜ் வைத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து உதைத்து அளவைக் குறியுங்கள். பிறகு ப்ளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். நன்றாக ஏறினால் ரிங் ஒட்டியிருக்கிறது அல்லது சிலிண்டர் சுவர் துருப்பிடித்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. வால்வு என்றால் முதலில் டேப்பட் இடைவெளி, குளிர்ந்த இன்ஜினில், கையேட்டில் சொன்ன அளவுக்கு. நின்ற காலத்தில் திறந்தபடி இருந்த வால்வின் இருக்கையில் துருப் படிந்து மூடாமலும் போகும். ஒட்டிய ரிங் சில சமயம் கொஞ்ச தூரம் நிதானமாக ஓட்டினாலே விட்டுக்கொடுக்கும், அதனால் உடனே இன்ஜினைப் பிரிக்க ஓடாதீர்கள். நீங்கள் விட்ட ஆயிலே எரிந்து முதல் சில நிமிடம் நீலப் புகை வரும், அதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம்.

டூ-ஸ்ட்ரோக் என்றால் கிராங்க் சீல்கள், அதாவது கிராங்க் தண்டின் இரண்டு பக்கமும் காற்றும் ஆயிலும் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள். நின்ற காலத்தில் அவை காய்ந்து சுருங்கும். மேக்னெட் பக்கத்து சீல் போனால் காற்றுப் பிடித்து ஐடிலிங் தானாக ஏறும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி ஓயாமல் புகை கக்கும், கியர் ஆயில் அளவும் குறைந்துகொண்டே வரும். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்த கலவை என்றால் ஆயிலும் குறைவு என்பதால், "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும்.

இப்போது மிக்ஸர் ஸ்க்ரூ

மேலே உள்ளதெல்லாம் முடிந்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு. ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்க்ரூ, வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று ஸ்க்ரூ, வெளியே திருகினால் காற்று கூடும், அதாவது பெட்ரோலின் பங்கு குறையும். இது தெரியாமல் திருகுவதால்தான் பாதி வண்டிகள் ட்யூனிங்கிலேயே கெடுகின்றன. குறித்து வைத்த சுற்றிலிருந்து தொடங்கி, கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் சில விநாடி காத்திருந்து, இன்ஜின் அதிக வேகத்தில் சீராக ஓடும் இடத்தைப் பிடியுங்கள், பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்குங்கள். குறித்த இடத்திலிருந்து ஒரு சுற்றுக்கு மேல் போக வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டு பைலட் ஜெட்டுக்கே திரும்புங்கள், அது இன்னும் சுத்தமாகவில்லை.

பத்து நாள் நன்றாக ஓடி, மறுபடியும் அதே சோக் கதை

கார்புரேட்டரில் நீங்கள் தவறு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. டேங்க் உட்சுவரில் இருந்த துரு, புதுப் பெட்ரோலும் அதிர்வும் பட்டு உதிர்ந்து, சல்லடையைத் தாண்டும் அளவுக்குப் பொடியாக இறங்கிக்கொண்டிருக்கும். கிண்ணத்தைக் கழற்றி அடியில் பாருங்கள். செம்மண் மாதிரி இருந்தால் டேங்க். கறுப்பாக, விரலில் மை மாதிரிப் பிசுபிசுத்தால் அது துரு இல்லை, பழைய பெட்ரோல் குழாயின் உட்புறம் கரைகிறது, வெளியே பார்க்கக் குழாய் நன்றாகத்தான் இருக்கும். குழாய் என்றால் புதிதாக மாற்றிவிட்டால் தீர்ந்தது. டேங்க் என்றால் உள்ளே துரு எடுக்கும் வரை, டேப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு சின்ன இன்லைன் ஃபில்டர், அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்த்தபடி, குழாய் எங்கும் மடியாமல். அது பழுப்பாகும் வேகத்தைப் பார்த்தாலே டேங்க் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.